நியூட்ரல்ல எறங்குன மலை

21-1-2025, செவ்வாய்

டயர் கடைக்காரரு வருசப் பொறப்புக்குக் குடுத்த டைரி இது. இத்தன நாளா கிலோமீட்டரும் பெட்ரோலுந்தான் எழுதிட்டு வந்தேன். இன்னைக்கு பைக்கு வண்டி படுத்துக் கெடக்குது, எழுதறதுக்குக் கிலோமீட்டர் இல்ல. அதனால என் கதைய எழுதறேன். அஞ்சாவதோட நின்னவன் எழுத்து. டைரி பொறுத்துக்கோணும்.

முந்தாநேத்து ஞாயித்துக்கெழம கொல்லிமலை எறங்கறப்ப நானும் எம்பொண்டாட்டி அத்தாயியும் வண்டியோட உளுந்துட்டோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. அறுபத்தேழு தாண்டியாச்சு. இன்னும் மூணு தாண்டியிருந்தா அடிவாரத்துல காரவள்ளியில உக்காந்து டீ குடிச்சிருப்போம்.

எனக்கு முட்டியில தோலு போச்சு, அவ்வளவுதான். அவளுக்கு வலது மணிக்கட்டு ஒடஞ்சு மாவுக்கட்டு. நெத்தியில நாலு தையல். ஆஸ்பத்திரியில அந்த நர்சுப் புள்ள, "எப்படித் தாத்தா உளுந்தீங்க?"ன்னுச்சு.

"புலி குறுக்க வந்துருச்சு சாமி. அது ஹெல்மெட் போட்டிருந்துச்சு, அதுக்கு ஒண்ணும் ஆவல"ன்னேன்.

அது சிரிச்சுது. அத்தாயி சிரிக்கல. சேலையெல்லாம் ரத்தம். எனக்கும் சிரிப்பு வந்து பேசல. பயம் வந்தா எனக்கு வாயி இப்படித்தான் போவும்.

தலையில அடி பட்டதால பத்து நாளைக்கு ஆட்டி அசைக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. சங்ககிரிக்கு ஊட்டுக்குப் போனா பையன் சிவபிரகாசு திருப்பூர்ல இருந்து ஓடியாந்து மொத வேலையா வண்டிய வித்துப்போடுவான். அதனால சேந்தமங்கலத்துலயே ஒரு ரூமு வாடகைக்கு எடுத்தாச்சு. வண்டிய குட்டியானை டெம்போவுல ஏத்திட்டு வந்த மெக்கானிக்கு ரஹமத்துல்லாவோட ஊடுதான். கீழ பட்டறை, மேல ரூமு. வராண்டாவுல நின்னா மெயின் ரோடு தெரியுது. முப்பத்தெட்டு வருசம் லாரி ஓட்டுனவனுக்கு இதவிட நல்ல எடம் எங்க கெடைக்கும்?

22-1, புதன்

அத்தாயிக்குச் சோறு ஊட்டுனேன். மூக்குக்குப் பாதி ரசம் போச்சு. "லோடு எறக்கற மாதிரி கொட்டாதீங்க"ங்கறா.

23-1, வியாழன்

அவ முடிக்குத்தான் பெரிய பஞ்சாயத்து. ஒத்தக் கையில கொண்டை போட முடியல. நான் சீவறேன்னு சீப்பப் புடிச்சேன். முடிச்சுப் போடத் தெரியோணுமே. எனக்குத் தெரிஞ்சது தார்ப்பாய் முடிச்சு ஒண்ணுதான். அதையே போட்டேன். பம்பாய் வரைக்கும் அவுராத முடிச்சு.

ரஹமத்துல்லா சம்சாரம் தஸ்லீம் டீ கொண்டாந்துச்சு. பாத்துட்டு வாயப் பொத்திக்கிச்சு. "ஐயா, அம்மா தலையில லோடு கட்டியிருக்கீங்களே!"

"ஆமாம்மா. உள்ள சரக்கு இல்லீன்னாலும் கட்டு பலமா இருக்கோணும்"ன்னேன்.

அத்தாயி இடது கையில குத்துனா. உளுந்ததுக்கு அப்பறம் மொதத்தடவ சிரிச்சது அப்பத்தான்.

24-1, வெள்ளி

காலையில வராண்டாவுல உக்காந்து ரோட்டப் பாக்கறதுதான் வேல. நூறு பைக்கு போச்சுன்னா ஹெல்மெட்டு தலையில இருக்கறது முப்பது. மிச்சமெல்லாம் கண்ணாடியில, முழங்கையில, டேங்கு மேல. வேகத்தட எங்களுக்கு நேரா இருக்குது. அங்க எல்லாம் மெதுவாத்தான் வரோணும். எனக்கு வசதி.

"ஏப்பா! பெட்ரோல் டேங்குக்குத் தலவலியா? அதுக்குப் போட்டிருக்கறயே!"

"கண்ணு, அந்தக் கண்ணாடிக்கு மூள கெடயாது. கழட்டி உன் தலையில போடு!"

ஒருத்தன் மொறச்சான். ஒருத்தன் வெக்கப்பட்டு நிறுத்திப் போட்டுக்கிட்டுப் போனான். பொம்பளைங்கல்லாம் பின்னால வெறுந்தலையோடதான். முன்னால உக்காந்தவன் தல மட்டுந்தான் தலைன்னு நெனப்பாட்டம்.

கீழ பட்டறையில இருந்து ரஹமத்துல்லா அண்ணாந்து பாத்தாரு. சத்தம் போடாமத்தான் கேட்டாரு.

"உங்க ஹெல்மெட்டு எங்கீங்க இருந்துச்சு?"

எந்திரிச்சு உள்ள வந்துட்டேன்.

எங்க இருந்துச்சு? எறங்கறப்ப வேர்க்குதுன்னு கழட்டி அவகிட்டக் குடுத்தேன். அவ வலது கையில கூடை மாட்டற மாதிரி மாட்டிக்கிட்டா. உளுந்தப்ப அதோட சேந்துதான் கை மடங்குச்சு. தலையக் காப்பாத்த வாங்குனது கைய ஒடச்சுப்போட்டுது. அவளுக்குன்னு ஒண்ணு வாங்கோணும்னு எனக்குத் தோணவே இல்ல. வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டினேன். மாலை போட்டேன். சக்கரத்துக்குச் சூடம் காட்டுனேன். அவ தலைக்கு ஒண்ணும் இல்ல.

25-1, சனி

இன்னைக்கு அவ சொன்னத எழுதறதுக்கே கை வர மாட்டேங்குது.

தஸ்லீம்கிட்டப் பேசிட்டு இருந்தா. நான் வெளிய துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

"நாந்தாம்மா காரணம். அன்னாசிப்பழக் கடையப் பாத்துட்டு, நிறுத்துங்கன்னு தோளத் தட்டுனேன். அவரு திரும்பிட்டாரு. அத்தன வருசம் லாரியில ஒரு கீறல் இல்லாம ஓட்டுன மனுசன். எம்பட நாக்கு ருசிக்கு உளுந்துபோட்டாரு. இனி அவரு பின்னால உக்கார மாட்டேன். நான் உக்காந்தா அவரு உசுருக்கு ஆவாது."

உளுந்த அன்னைக்கும் ஆஸ்பத்திரியில இதையேதான் சொன்னா. நான் அப்ப என்ன சொன்னேன்? "உடு, ஆனது ஆச்சு"ன்னு பெரிய மனுசனாட்டம் மன்னிச்சேன். த்தூ.

அவ தோளத் தட்டறதுக்கு முன்னாலயே பிரேக்கு போயிருச்சு.

மேல காட்சி முனையில இருந்தே நியூட்ரல் போட்டு, சாவிய ஆப் பண்ணிட்டுத்தான் எறங்குனேன். லாரிக்காரன் புத்தி. எறக்கம்னா இஞ்சினுக்கு லீவு. ஒரு சொட்டு எண்ணெ செலவில்லாம எறங்குனாத்தான் டிரைவருன்னு பேரு. அவளும் பின்னால இருந்து, "சத்தமே இல்லீங்க, குருவி கத்தறது கூடக் கேக்குது, பறக்கற மாதிரி இருக்குது"ன்னா. எனக்குப் பெருமை தாங்கல. "அதுதான் அம்மிணி டிரைவரு"ன்னேன்.

கியர்ல வந்தா இஞ்சினே வண்டியப் பாதி புடிச்சுக்கும். அது இல்லாம அறுபது வளைவு பிரேக்குலயே புடிச்சுப் புடிச்சு வந்தா அது என்ன பண்ணும்? கருகுன வாசம் வந்துச்சு. வேற எவன் வண்டியோன்னு நெனச்சேன். கீழ இருந்து மூணாவது வளைவுல மிதிச்சேன், கால் சும்மா கீழ போச்சு. அப்பத்தான் அவ தட்டுனா.

கல்யாணமாயி நாப்பத்தி நாலு வருசம். நான் ஊர் ஊராப் போனேன், அவ சேலத்தத் தாண்டல. இனி நான் பாத்ததெல்லாம் உனக்குக் காட்டறேன்னு சொல்லிக் கூட்டியாந்த மொத மலை இது.

26-1, ஞாயிறு

பள்ளிக்கூடத்துல கொடி ஏத்துனாங்க. மிட்டாய் வந்துச்சு. அத்தாயி அவளோடதையும் எனக்கே குடுத்துட்டா. தின்ன முடியல.

27-1, திங்கள்

ரஹமத்துல்லா பட்டறைக்குக் கூப்பிட்டாரு. பிரேக் ஷூவக் கையில வெச்சிருந்தாரு. கரி மாதிரி இருந்துச்சு.

"பெரியவரே, இது கியர்ல வந்த வண்டி இல்லீங்களே."

"ம்."

"அம்மா எங்கூட்ல அழுதுட்டு இருக்கறாங்க. என் சம்சாரம் எங்கிட்டச் சொல்லுச்சு. நான் வாயத் தொறக்கல. இது நான் சொல்ற சேதி இல்லீங்க."

கிண்டலா ஏதாச்சும் சொல்லலாம்னு பாத்தேன். வரல. எனக்கே அதிசயமா இருந்துச்சு.

ஆண்டி நெனப்பு வந்துருச்சு. எங்கூட லாரி ஓட்டுனவன். தொண்ணூத்தி நாலுல தொப்பூர் எறக்கம், கம்பி லோடு. அவன் முன்னால, நான் பின்னால. ரெண்டு பேரும் நியூட்ரல்தான். நான் எறங்கிட்டேன், அவன் எறங்கல. அவன் சம்சாரத்துகிட்ட நாந்தான் போய்ச் சொன்னேன். "பிரேக் பெயிலாயிருச்சும்மா"ன்னு சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். செத்தவன் மேல பழி வேண்டாம்னு வண்டி மேல போட்டோம். அப்படிப் போட்டதுல எங்களுக்கும் ஒரு வசதி இருந்துச்சு, நாங்க மாற வேண்டியதில்ல பாருங்க. அடுத்த வாரமே அதே தொப்பூர்ல நான் நியூட்ரல்.

அன்னைக்கு வண்டி மேல. இன்னைக்குப் பொண்டாட்டி மேல.

28-1, செவ்வாய்

சொல்லிட்டேன்.

மொகத்தப் பாத்துச் சொல்லத் தெம்பில்ல. காலையில தல சீவறப்ப, பின்னால நின்னுக்கிட்டுச் சொன்னேன்.

"நீ தட்டுனதால உளுவல, அத்தாயி."

"ஆறுதல் சொல்லாதீங்க."

"ஆறுதல் இல்ல. சாவிய ஆப் பண்ணியிருந்தேன். நியூட்ரல். பிரேக்கு கருகிப் போயிருச்சு. நீ தட்டறப்பவே அது புடிக்கல."

சீப்பு பாதி முடியில நிக்குது. அவ தல அசையல.

"குருவி சத்தம் கேட்டுதே... அது அதனாலயா?"

"ஆமா."

ரோட்டுல ஒரு பஸ்சு ஆரன் அடிச்சுட்டுப் போச்சு.

"ஒம்போது நாளுங்க"ன்னா. "ஒம்போது நாளா நான் என்னையே தின்னுட்டு இருந்தேன். பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

"பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"சீப்பக் குடுங்க."

குடுத்துட்டேன். பாதி சீவுன தலையோட எந்திரிச்சு, செவுத்தப் புடிச்சுக்கிட்டுக் கீழ தஸ்லீம்கிட்டப் போயிட்டா. மாடிப்படியில தொணைக்குப் போனேன். "வேண்டாம்"ன்னு ஒரே சொல்லு.

29-1, புதன்

தஸ்லீம்தான் தல சீவி உட்டுச்சு. சடை நல்லா, நேரா இருக்குது. எனக்குப் புடிக்கல.

சோறும் இடது கையிலயே சாப்பிட்டுக்கறா. பாதி சிந்துது. நான் பக்கத்துல போனா தட்ட அக்கட்டத் தள்ளி வெச்சுக்கறா.

30-1, வியாழன்

பேசுனா. மூணே மூணு சொன்னா.

ஒண்ணு, பையனுக்கு நீங்களே போன் பண்ணி நெசத்தச் சொல்லோணும்.

போட்டேன். சிவபிரகாசு கத்துன கத்துல போனே சூடாயிருச்சு. "ஏம்ப்பா, உங்களுக்கு வெளையாட்டா? அம்மாவ என்னன்னு நெனச்சீங்க?" எல்லாத்துக்கும் "ஆமா சாமி"ன்னேன். வண்டிய வித்துப்போடுங்கன்னான். அவ போன வாங்குனா. "வண்டி என்னடா பண்ணுச்சு? வண்டிய ஒண்ணும் சொல்லாத"ன்னுட்டா. அதுக்கே எனக்கு அழுவாச்சி வந்துருச்சு.

ரெண்டு, நாளைக்கு ஊருக்கு நான் பஸ்சுல போறேன். நீங்க பின்னாலயே வாங்க. முந்தக் கூடாது.

மூணு, ஹெல்மெட்டோட.

"முந்துனா?"ன்னு கேட்டேன், பழைய வாய்க்கொழுப்புல.

"முந்துங்க. முந்திட்டு அப்படியே போயிட்டே இருங்க"ன்னா.

31-1, வெள்ளி

டாக்டரு பாத்துட்டு, பஸ்சுல மெதுவாப் போலாம்னுட்டாரு. கெளம்பறப்ப ரஹமத்துல்லா பிரேக்குப் புதுசு போட்டு, அந்தக் கருகுன ஷூவ ஒரு தாள்ல சுத்திக் குடுத்தாரு. "சாமி ரூம்ல வெச்சுக்கங்க"ன்னாரு. கிண்டல் பண்றதுல எனக்கு மேல இருக்கறாரு. தஸ்லீம் அத்தாயி கன்னத்தத் தடவி அனுப்புச்சு.

அவ நாமக்கல்ல பஸ்சு மாறுனா. நான் சங்ககிரி வரைக்கும் வண்டியில பின்னாலயே வந்தேன். என் வாழ்க்கையில இத்தன நேரம் ஒரு பஸ்சு பின்னால போனதில்ல. அவ கடசி சீட்டுல, கண்ணாடியோரம் உக்காந்து திரும்பி என்னயே பாத்துட்டு வந்தா. நான் கிட்டப் போனா மாவுக்கட்டுக் கையத் தூக்கி, தள்ளி வாங்கன்னு காட்டறா. டீசல் பொகையெல்லாம் எனக்குத்தான்.

திருச்செங்கோடு தாண்டி ஒரு எறக்கம். சின்ன எறக்கந்தான். பழக்க தோசத்துல கால் நியூட்ரலத் தேடுச்சு. அண்ணாந்து பாத்தேன். அவ கண்ணாடியில நெத்திய வெச்சுக்கிட்டு, காதத் தொட்டுக் காட்டறா. சத்தம் கேக்குதாங்கறா. பஸ்சுக்குள்ள இருக்கறவளுக்கு என் இஞ்சின் எப்படிக் கேக்கும்? ஆனாலும் கேக்கட்டும்னு ரெண்டாவது கியர்ல, ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி உறுமிட்டு எறங்குனேன்.

அவ சிரிச்சாளா, கண்ணாடியில வெயில் அடிச்சுதா, தெரியல.

14-2, வெள்ளி

ஆண்டி சம்சாரத்தப் பாத்துட்டு வந்தேன். அன்னைக்கு நடந்ததச் சொன்னேன். "எனக்குத் தெரியுமுங்க"ன்னுச்சு. "அவரு எப்பவுமே அப்படித்தான எறங்குவாரு. நீங்க யாராச்சும் வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்." காப்பி போட்டுக் குடுத்துச்சு.

5-3, புதன்

கட்டுப் பிரிச்சாச்சு. கை எளச்சு, வெளுத்து, பச்சப் புள்ள கையாட்டம் இருக்குது. அத்தாயி ரெண்டு கையிலயும் எனக்குச் சோறு போட்டா.

9-3, ஞாயிறு

மேச்சேரி அம்மன் கோயிலுக்குப் போலாமான்னு கேட்டேன். பஸ்சு எத்தன மணிக்குன்னு கேப்பான்னு நெனச்சேன்.

அவ உள்ள போயி, சிவபிரகாசு வாங்கி அனுப்புன செவப்பு ஹெல்மெட்ட எடுத்துட்டு வந்து மடியில வெச்சுக்கிட்டு, எனக்கு முதுகக் காட்டி உக்காந்தா. சீப்ப நீட்டுறா.

"கை நல்லாயிருச்சுல்ல? நீயே சீவிக்கறதுதான?"

"கை நல்லாத்தான் இருக்குது. கொண்டை போட்டா இது தலையில எறங்க மாட்டேங்குதுங்க. உங்க லோடு கட்டு முடிச்சு இருக்குதுல்ல, அதக் கழுத்தோரமாப் போட்டு உடுங்க."

போட்டேன். அவ முடிச்சத் தொட்டுப் பாத்துட்டு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டா.

கெளம்பறப்ப கிலோமீட்டர் 31,406. பெட்ரோல் எத்தன குடிக்குதோ குடிக்கட்டும்.