மரியநாயகி அம்மாவுக்கு வீட்டுப் பூனை எழுதுவது

மெலிஞ்சிமுனை,
புரட்டாதி மாதம், செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய வீட்டுக்கார அம்மாவுக்கு,

உங்கள் சாம்பல் பூனை பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் குட்டிகளும் சுகம். குட்டிகளைப் பற்றிக் கடைசியில் மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவை பிறந்த இடம் உங்கள் அலுமாரி. கோயிலுக்கு உடுக்கும் நீலச் சேலையில் ஈன்றுவிட்டேன். கதவு சாத்தாமல் கிடந்தது. சேலையில் உங்கள் மணமும் இருந்தது. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஐயா என்னைக் கண்டாலே விரட்டத் தும்புக்கட்டையைத் தேடுகிறவர் அல்லவா? போட்டுக்கொள்ள ஒரு சேட்டு எடுக்க வந்து எங்களைக் கண்டார். நான் காதுகளை மடித்துக்கொண்டேன். அவர் சேட்டை மட்டும் உருவிக்கொண்டார். "கிட. அவள் வந்தாளெண்டா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பேச்சு விழும்" என்று சொல்லிக் கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனார். அன்று தொடக்கம் எனக்குப் பால்மா கரைத்து வைக்கிறார். அவருடைய சோறுதான் ஒவ்வொரு நாளும் அடிப்பிடிக்கிறது. நான் அதை மணந்து பார்த்துவிட்டு விலகிவிடுவேன். அவர் சாப்பிடுகிறார்.

மனிதர்கள் கோபிக்கும் விதம் எனக்கு விளங்குவதில்லை. நாங்கள் கோபித்தால் கூரையில் ஏறுவோம், பசித்தால் இறங்குவோம். நீங்கள் பஸ் ஏறிப் பாசையூருக்கே போய்விட்டீர்கள். அன்று நான் கதிரைக்குக் கீழே இருந்தேன். "நெஞ்சு நோவோட இந்தச் சோளகக் காத்துக்குள்ள கடலுக்குப் போறியள் எண்டால், நான் மகளிட்டப் போறன்" என்றீர்கள். அவர் "போறதெண்டால் போ" என்றார். பிறகு உங்கள் பை போவதைப் படலைவரை வந்து பார்த்தார். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் போன கிழமையே வெளிக்கடலில் அவருடைய எஞ்சின் நின்றுவிட்டது. நெஞ்சைப் பிடித்தபடி வள்ளத்துக்குள் படுத்திருந்தவரைப் பக்கத்து வீட்டு டிலோன்தான் கண்டு, வள்ளத்தைக் கட்டி இழுத்துவந்தான். நான் வழக்கம்போல மீனுக்காகக் கரையில் நின்றேன். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு மீன் கூடையைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கே அது புதிது.

"அக்காவுக்கு ஒரு கோல் எடுப்பமே அண்ணை?" என்று டிலோன் கேட்டான். "வேண்டாம். தான் சொன்னது சரியாப் போச்செண்டு நினைப்பாள்" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "சரிதானே" என்று தனக்குள் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. எஞ்சினை டிலோனிடம் கொடுத்துவிட்டு, பூவரசுக்குக் கீழே இருந்து அவனுடைய கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். டிலோன் கறிக்கு மீன் கொண்டுவந்து கொடுக்கும்போது வேறு பக்கம் பார்த்தபடி வாங்குகிறார். வாங்கிச் சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று, பிறந்தது முதல் வாங்கியே சாப்பிடும் நான் எப்படி அவருக்கு விளங்கவைப்பது?

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அன்ரனிட்டா போன் எடுத்தால், "ஓம் பிள்ளை, கடலுக்குப் போட்டு இப்பதான் வந்தனான். நல்ல மீன்பாடு" என்கிறார். நான் அவர் மடியில்தான் படுத்திருக்கிறேன். அவர் கையில் மீன் வாசம் துளியும் இல்லை. அவர் இன்னும் கடலுக்குப் போகிறார் என்று நம்பித்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குப் பணிந்ததை உங்களிடமே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நேற்றுக் காலை தாடி வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். உங்களிடம் வர ஏற வேண்டிய யாழ்ப்பாண பஸ் வந்தது, நின்றது, போனது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு குனிந்து என்னைத் தூக்கி, "ஏறக் கால் வரேல்லையடி" என்றார்.

அம்மா, மிச்சத் தூரம் நீங்கள் வர வேண்டும். வந்து ஒன்றும் கேட்க வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். இப்போது அந்த வேலையை நான்தான் பார்க்கிறேன். அவர் நித்திரையானதும் நெஞ்சோடு காது வைத்துப் படுத்துக்கொள்வேன். சில நேரம் அது ஓடி ஓடி நின்று, பிறகு ஓடுகிறது. எனக்குக் கேட்க மட்டும்தான் முடியும். எழுப்பி மாத்திரையும் தண்ணீரும் கொடுக்க என்னால் ஏலாது.

மாதா வழித்துணையாக வந்து உங்களைச் சேர்ப்பிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
சாம்பல் பூனை