பூட்டுப் போட்ட பாடங்கள்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத ஆசைதான், நீ விட்டுப்போன அந்தப் பழைய போன் விட்டால்தானே.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது பேச்சுப் பயிற்சிப் பாடங்களை நீதான் காசு கட்டி அதில் இறக்கிக் கொடுத்தாய், நல்ல காரியம், மறுக்கவில்லை. அதில் வருகிற பெண் ‘ஜன்னல்’ என்றால் அம்மாவும் இழுத்து இழுத்து ‘ஜன்னல்’ என்பாள், நான் சொல்லிக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது அந்த போனின் திரை பாதி செத்துவிட்டது. உன்னிடம் சொன்னதற்கு ‘பேக்கப் எடுத்துடுங்கப்பா, அஞ்சு நிமிஷ வேலை’ என்று வைத்துவிட்டாய். எடுத்தேன். மெமரி கார்டில் போட்டுப் புது போனுக்கு மாற்றினேன். உன் கல்யாண வீடியோ வந்தது, யாரோ அனுப்பிய கொசுவலை விளம்பரம்கூட வந்தது, பாடங்களும் பெயரளவில் வந்தன, தொட்டால் மட்டும் ‘இந்தக் கருவியில் இயக்க அனுமதி இல்லை’ என்கிறது. செல்போன் கடைக்காரர் பார்த்துவிட்டு, ‘சார், இது காப்பி ஆகும், ஓடாது, பூட்டு போட்டிருக்காங்க, வாங்கினவங்க கணக்குல போய்ப் புது போனைச் சேர்க்கணும்’ என்றார். கணக்கு உன் பெயரில். உள்ளே போக ஒரு எண் அனுப்புவார்களாம், எந்த நம்பருக்கு? வெளிநாடு கிளம்பும்போது வேண்டாமென்று ரத்து செய்தாயே, அந்தப் பழைய நம்பருக்கு. விற்ற நிறுவனத்துக்கு எழுதினால், அந்தப் பாடங்களை இப்போது விற்பதில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில். அவர்கள் வருந்தி எனக்கு என்ன ஆகப்போகிறது, காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையதா இல்லையா, நீயே சொல்.

கடைசியில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு போனையும் அருகருகே வைத்து, பழையதை ஓடவிட்டுப் புதியதில் பதிவு செய்தேன். ஃபேனை நிறுத்தி, சொட்டுகிற குழாயில் துணியைச் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் உன் பெரியப்பா கதவை அகலத் திறந்துபோட்டு வந்தார், தெருவில் போன லாரி மொத்தமும் பாடத்துக்குள் ஏறிவிட்டது. ‘கதவைச் சாத்துங்க, ரெக்கார்டு ஓடுது’ என்று கத்தினேன், ‘என்ன ஓடுது, கிரிக்கெட்டா’ என்கிறார். அதுவும் பதிவாகியிருக்கிறது. மறுபடி எடுத்து, மீதிப் பாதிப் பாடங்களையும் பதியலாமென்றால் அதற்குள் பழைய போன் கண்ணை மூடிவிட்டது.

வேறு வழியில்லாமல் அதையே போட்டேன். ஜன்னல், தட்டு, தண்ணீர் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், என் கத்தல் வந்தது, சிரித்துவிட்டாள், அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று, சிரித்துக்கொண்டே ‘கதவைச் சாத்துங்க’ என்றாள். திக்காமல். ஒற்றை வார்த்தைக்கே திணறுகிறவள். குழாயிலிருந்து அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவும் அந்தப் பதிவை அழிக்கவே கூடாது என்கிறார். இப்போது நாள் முழுக்க இதே பல்லவிதான், சாத்தியிருக்கிற கதவைச் சாத்தச் சொல்கிறாள், நானும் திறந்து திறந்து சாத்துகிறேன், இந்த வயதில் எனக்கு இது தேவையா.

எப்படியாவது அந்த நிறுவனத்தோடு மல்லுக்கட்டிக் கணக்கில் உன் புது நம்பரைச் சேர், பாதிப் பாடங்கள் இன்னும் உள்ளேயே மாட்டிக்கிடக்கின்றன. வேளைக்குச் சாப்பிடு. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவசரப்படாதே. அம்மாவிடம் போனைக் கொடுத்ததும் சத்தம் வரவில்லையென்று ‘சிக்னல் இல்லப்பா’ என்று வைத்துவிடுகிறாய். சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் உனக்காக ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் காத்திரு. இருவரும் எல்லா நலமும் பெற்று இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
கத்திக் கத்தித் தொண்டை கட்டிய
உன் அப்பா