உன் அம்மாவுக்கு நான் எழுதியவை

நண்பனே என்று தொடங்க மனம் வரவில்லை.

நாம் வெளிநாட்டில் படித்த அந்தக் கோடையைப் பற்றிப் பழைய மாணவர் மலரில் நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். என் ஞாபகம்தான் பிசகியதோ என்று பழைய நாட்குறிப்பையும் புரட்டினேன். பிசகவில்லை. பாலத்தில் குடையைக் காற்றுக்குப் பறிகொடுத்தவன் நான். ரொட்டிக் கடைக்காரர் கருகிய ரொட்டியைச் சும்மா கொடுத்தது எனக்கு. நீ அறையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாய்.

"டேய் வாத்தி, அம்மாவுக்கு என் பேர்ல நீயே ஏதாவது எழுதிப் போட்டுடுடா" என்றாய். என் கடிதத்துக்குக் காத்திருக்க வீட்டில் யாரும் இல்லாததால், வாரம் தவறாமல் எழுதினேன். அம்மா போன பிறகு அவர் பெட்டியில் கிடைத்த அந்தக் கடிதங்களைத்தான் உன் இனிய நினைவுகளாக அச்சேற்றியிருக்கிறாய்.

என் மனைவி கேட்கிறாள்: "நீங்களும் அங்கதானே இருந்தீங்க, உங்களுக்கு ஒண்ணுமே நடக்கலையா?"

அடுத்த மலரில் திருத்தம் போடு.

அம்மாவின் பதில்களை நீ பிரிக்கவே இல்லை, நான்தான் பிரித்தேன். கடைசிக் கடிதத்தில், "இது என் பையன் கையெழுத்து இல்லன்னு மொதல்லயே தெரியும். நீ யாரோ, நிறுத்தாம எழுது தம்பி" என்றிருந்தது.

நீ திருத்தம் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் கடிதம் உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
உன் அறையில் இருந்த இன்னொருவன்