ஒரே சந்தாவில் மூன்று பேர்

பிப்ரவரி 4, புதன்

போனிலேயே டாக்டரிடம் கேட்கிற சேவையில் இன்று சேர்ந்துவிட்டேன். மாதச் சந்தா கட்டினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். பேசக்கூட வேண்டாம், எழுதிக் கேட்டாலே பதில் வரும். ஒரு ஜலதோஷத்துக்காக கிளினிக்கில் தேவுடு காத்ததெல்லாம் போதும்.

குடும்பச் சந்தா மூன்று மடங்கு. நான் என்ன ஏமாந்தவளா? எனக்கு மட்டும் கட்டிவிட்டு, மூன்று பேர் போனிலும் என் கணக்கையே போட்டுக் கொடுத்தேன். "யாருக்கு என்ன வந்தாலும் நான் எழுதுற மாதிரி கேளுங்க. டாக்டர் என்ன மூஞ்சியவா பாக்கப்போறார்?"

மகள் சிரித்தாள். "நிதியமைச்சர் பட்ஜெட் போட்டாச்சு." இவர் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லிப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்தால் இவருக்கு வாயே திறக்காது.

பிப்ரவரி 27, வெள்ளி

கண் உறுத்தல். எழுதிக் கேட்டேன், சொட்டு மருந்து சொன்னார்கள், இரண்டே நாளில் சரி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான், இந்த வீட்டில் வேறு யார் மெச்சப் போகிறார்கள்?

மார்ச் 20, வெள்ளி

வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான் வேலை பார்க்கிற பேக்கரியில் இந்த வாரம் ஒன்பது கல்யாண கேக். க்ரீம் பையைப் பிழிந்து பிழிந்து விரல் மடங்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தா. எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

வீக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா வீடியோவில் வரச் சொல்லியிருந்தார். பேக்கரி ஸ்டோர் ரூமில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து கையைக் காட்டினேன். கட்டுப் போடச் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "நெஞ்சு வலி இப்ப எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு நெஞ்சு வலி இல்லையே டாக்டர்."

"போன வாரம்கூட எழுதியிருந்தீங்களே. படி ஏறினா நெஞ்சை அழுத்துது, இடது கை மரத்துப்போகுதுன்னு. நாலு தடவை எழுதியிருக்கீங்க."

பழைய கேள்விகளை நான் திறந்து பார்த்ததே இல்லை. "அது... என் வீட்டுக்காரரா இருக்கும் டாக்டர்."

"உங்க பதிவுல பொம்பளை, நாப்பத்தொண்ணு, சிகரெட் கிடையாதுன்னு இருக்கு. வாயுவா இருக்கும்னு மாத்திரை குடுத்தேன். ஈசிஜி எடுக்கவும் சொன்னேன். எடுத்துட்டேன், நார்மல்னு பதில் வந்துதே. அவருக்கு என்ன வயசு?"

"அம்பத்திரெண்டு."

"சிகரெட்?"

"பிடிப்பார்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப எங்க இருக்கார்?"

இவர் போனை எடுக்கவில்லை. ஏழு தடவை அடித்தேன். கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியனைப் பிடித்தேன். "அண்ணன் பன்னெண்டாவது மாடியில லிப்ட் மேல நிக்கிறார் அண்ணி. அப்புறமா பேசச் சொல்லவா?"

"இப்பவே எறக்குங்க" என்று கத்தினேன். கத்தினேனா, அழுதேனா, தெரியவில்லை. ஏப்ரனோடு ஓடினேன். இவரை இறக்கி நேரே இங்கே கொண்டுவந்துவிட்டோம், உள்ளே பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

மூன்று இடத்தில் அடைப்பு. நாளை ஆபரேஷன்.

ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா கம்பெனி என்னை மேல ஏத்தாது. நீயும் பாவம், பாத்துப் பாத்து மிச்சம் பிடிக்கிற." எனக்குப் பாவம் பார்த்தாராம். பக்கத்துல படுத்திருக்கிற மனுஷனுக்கு நெஞ்சு வலி, எனக்குத் தெரியல. நான்னு எழுதுன்னு சொல்லிக்குடுத்ததே நான்தானே? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

மார்ச் 25, புதன்

பிழைத்துவிட்டார்.

ஏப்ரல் 18, சனி

இவர் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. கூடத்தில் பத்து நடை நடக்கிறார், உட்காருகிறார்.

இன்று அந்தச் சேவையிலிருந்து ஒரு பெண் பேசினாள். என் பதிவிலிருந்து இவருடையதைப் பிரித்தெடுக்க வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டேன், ஒவ்வொன்றாகப் படித்தாள். கண் உறுத்தல், என்னுடையது. நெஞ்சு வலி நாலும் இவருடையது. முட்டி வலியும் இவருடையதாம். அதுவும் எனக்குப் புதுச் செய்தி.

"அடுத்தது மார்ச் ரெண்டு. பல மாசமா தூக்கமே இல்லை, காரணமில்லாம அழுகை வருது, வீட்டுல சொல்ல முடியலை. நாப்பதைத் தாண்டினா மாதவிலக்கு நிக்கிற சமயத்துல இது சகஜம்தான்னு டாக்டர் பதில் எழுதியிருக்காங்க. அப்ப இது உங்களோடதுதானே மேடம்?"

நான் எழுதவில்லை. இவரைப் பார்த்தேன். தானில்லை என்று தலையசைத்தார்.

மகள் ஜன்னலோரம் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. பத்தொன்பது வயது அவளுக்கு.

"அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்தேன். அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "எப்பலேர்ந்துடி?" என்று மட்டும்தான் கேட்க வந்தது.

தட்டைக் கீழே வைத்தாள். "காலேஜ் சேந்ததுலேர்ந்தும்மா" என்றாள்.