கடிவாளத்தின் இந்த முனை

1958 ஜனவரி 24

இடது தோள் இன்னும் கனக்கிறது. நல்லவேளை, எழுதுகிற கை தப்பியது.

புதன்கிழமை நாரணாபுரம் கண்மாய்க் கரையில் என் குதிரை செவலை என்னைத் தள்ளிவிட்டு ஓடியது. தினமும் மாலை நான்கு மணிக்குப் பட்டாசுக் கம்பெனிகள் அங்கே சோதனை வெடி போடும். முதல் வெடிக்கே ஓட்டம்.

கொழுந்தன் அய்யாதுரை இன்று வந்தார். சாத்தூர் ஜட்காக்காரர் ஒருவர் குதிரை தேடுகிறாராம்.

"அண்ணனைத்தான் பறிகுடுத்தாச்சு. உங்களையும் குடுக்கணுமா மதினி?"

கெஞ்சித்தான் தவணை வாங்கினேன். பங்குனி பிறப்பதற்குள், வெடி போடும் நேரத்தில், அவர் கண் முன்னால், செவலை அந்தக் கரையை நடந்து கடக்க வேண்டும். இல்லாவிட்டால் சாத்தூருக்குப் போய்விடும்.

ஜனவரி 27

பருத்திக் காடு மூன்று மைல். மாட்டுவண்டியிலும் போகலாம்தான். பின் எதற்குக் குதிரை? கிணற்றடியில் பெண்கள் கேட்பதும் அதுதான். "ராணி வாராக, ஒதுங்கு" என்று யாரோ சொல்ல, குடங்களெல்லாம் சேர்ந்து சிரிக்கின்றன.

சென்னையில் பி.ஏ. படித்தபோது ஒரு விடியலில் கடற்கரைக்குப் போயிருந்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு குதிரை வந்தது. மேலே ஒரு பெண். கடிவாள வார் தளர்ந்து தொங்கியது, அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரே நினைப்பு போல இருந்தது. மணலில் சத்தமே இல்லை. இருபத்துமூன்று வருடம் ஆகிறது. இன்னும் அந்தக் குதிரை என்னைக் கடந்து முடிக்கவில்லை.

செவலையைக் குட்டியாக வாங்கி வந்தது என் வீட்டுக்காரர். ஏறி ஒரு வருடம்கூட ஓட்டக் கொடுத்து வைக்கவில்லை.

ஜனவரி 30

செவலையின் பயத்துக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தை ஆறு மாதமாகச் செய்துவருகிறோம். லாயத்துப் பக்கத்தில், குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சங்கிலிமுத்து வெடிச்சரம் கொளுத்துவார், நான் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பட்டாசு ஊர்க் குதிரைக்குப் பட்டாசு பழகிவிடும் என்று கணக்கு. காதில் பஞ்சும் வைத்துப் பார்த்தாயிற்று. இப்போது தீப்பெட்டியைக் கையில் எடுத்தாலே வியர்க்கிறது அதற்கு.

விருதுநகரில் பத்து நாள் குதிரை முகாம் நடக்கப்போகிறதாம். பட்டாளத்தில் குதிரை பழக்கிய சோலைமலை என்பவர் நடத்துகிறார். போகிறேன்.

பிப்ரவரி 10

விருதுநகர். அத்தை மகள் வீட்டில் தங்கல். செவலையைச் சங்கிலிமுத்து நேற்றே நடத்திக் கூட்டிவந்துவிட்டார்.

முகாமில் பதினான்கு பேர். ஜட்காக்காரர்கள்தான் அதிகம். பெண்கள் இருவர்: நானும் வெள்ளைத்தாயும். அவள் ரயிலடியில் சொந்தமாக ஜட்கா ஓட்டுகிறவள். நான் புடவையைத் தாறுபாய்ச்சிக் கட்டியிருப்பதைப் பார்த்து, "மல்லுக்கட்ட வந்தீகளோ" என்றாள். உடனே பிடித்துவிட்டது.

முதல் நாள் யாரையும் ஏறவிடவில்லை சோலைமலை. அவரவர் குதிரை பக்கத்தில் சும்மா நிற்கச் சொன்னார். ஒரு மணி நேரம். நின்றோம். செவலையின் மூச்சு என் கழுத்தில் வந்து வந்து போனது. வேப்பம்பூ வாசனை. நான் எங்கே முடிகிறேன், அது எங்கே தொடங்குகிறது என்றுகூட ஒரு கணம்—

பிப்ரவரி 13

இன்று நாங்களே குதிரை ஆனோம்.

இரண்டிரண்டு பேர். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கடிவாளத்தின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் குதிரை. இன்னொருவர் பின்னால் நின்று வாராலேயே ஓட்ட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. வெள்ளைத்தாய் எனக்குக் குதிரை. "நெசமாவே குதிரையாப் பொறந்திருந்தா எம்புருசனை என்னைக்கோ ஒதைச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

நன்றாகத்தான் போனோம். இடம், வலம், புளியமரத்தைச் சுற்றி. திடீரென்று அவள் நின்று, கண்ணைத் திறந்து திரும்பினாள்.

"ஏம்மா, இப்ப எதுக்கு இந்த இளு இளுத்தீக?"

நான் இழுக்கவில்லை என்றேன். அவள் உள்ளங்கையைக் காட்டினாள். வார் பதிந்து சிவந்திருந்தது.

சோலைமலை தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல் நாளே அவரிடம் என் கதையைச் சொல்லியிருந்தேன். கடிகாரத்தை என் பக்கம் திருப்பினார்.

நான்கு மணி.

விருதுநகரில் சோதனை வெடி கிடையாது. எங்கும் ஒரு சத்தமும் இல்லை.

பிப்ரவரி 14

தூக்கம் சரியில்லை. எழுதிவிட்டால் தேவலை.

சோதனை வெடி விட்டுவிட்டு வரும். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். முதல் வெடிக்கு ஒரு கணம் கை நிற்கும், அடுத்தது இடைவெளி விட்டு வந்தால் விட்ட வேலையைத் தொடருவார்கள். ஏழு வருடம் முன்பு ஒரு நாள் நான்கு மணிக்கு இடைவெளி இல்லாமல் வந்தது. வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தேன். விஸ்வநத்தம் பக்கம் புகை. என் வீட்டுக்காரருடைய பட்டாசு ஷெட் இருந்த பக்கம்.

அன்று நின்ற என் கை இன்னும் வேலையைத் தொடரவில்லையா? வெடி வருவதற்கு முன்பே நான் இறுகிப்போகிறேன். நான் இறுகுவதைப் பார்த்துத்தான் செவலைக்கு ஏதோ வரப்போகிறது என்று தெரிகிறது. அது பயந்தது வெடிக்கா, எனக்கா?

பாவம். ஆறு மாதம் சரம் கொளுத்தினோமே அதன் பக்கத்தில்.

பிப்ரவரி 18

இறுக்காமல் இருப்பது எப்படி என்று சோலைமலையிடம் கேட்டேன். "கையை விடுன்னா கை விடாதும்மா. மூச்சை விடுங்க. கை அதும் பின்னாலயே வந்துரும்" என்றார்.

முகாம் நாளையோடு முடிகிறது.

பிப்ரவரி 25

கண்மாய்க் கரையில் செவலை மேல் ஏறாமல் நடந்தோம், பக்கத்துப் பக்கத்தில். நான்கு வெடிக்கும் நின்றோம். இரண்டு பேருக்கும் நடுக்கம். ஆனால் ஓடவில்லை. நானும்தான்.

மார்ச் 4

ஏறிப் போனேன். மூன்றே முக்காலுக்குத் திரும்பிவிட்டேன். வெட்கம்.

மார்ச் 12

அய்யாதுரை சைக்கிளில் வந்து பனைமரத்தடியில் நின்றார். பங்குனிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, இனித் தள்ளிப்போட முடியாது. முகம் என்னைவிட வெளிறியிருந்தது அவருக்கு.

கண்மாயில் வெயில் சாய்ந்து, தண்ணீர் முழுக்கத் தகரம் போல மினுங்கியது. கை இறுகத் தொடங்குவது தெரிந்தது. இந்த முறை தெரிந்தது, அதுதான் வித்தியாசம். மூச்சை விட்டேன். வயிறுவரை காலியாகும்படி விட்டேன்.

முதல் வெடி. செவலையின் காதுகள் இரண்டும் பின்னால் திரும்பின, வெடி வந்த திசைக்கு அல்ல, என்னிடம். என்ன செய்ய என்று கேட்டது. மறுபடி மூச்சுவிட்டேன். நின்றது. தோளில் தோல் சிலிர்த்தது. இரண்டாவது வெடி. மூன்றாவதற்கு அதுவாகவே காலை எடுத்து வைத்தது. என் கையில் வார் தளர்ந்து கிடந்தது. தண்ணீரின் மேல் நடப்பதுபோல மெதுவாக, கரையின் கடைசி வரைக்கும்.

இறங்கியதும் அய்யாதுரை கோபப்பட்டார். "கயித்தை அம்புட்டு லூசாவா விடுவாக? எனக்கு உசுரே இல்ல மதினி."

கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, சாத்தூர்க்காரரை வேறு குதிரை பார்த்துக்கொள்ளச் சொல்லி ஆள் விடுவதாகச் சொன்னார்.

மார்ச் 29

பருத்தி எடுப்பு. விடியலிலிருந்து காட்டில் நின்று கால் கடுத்துப்போய், மூன்று மணிக்குமேல் வீட்டுக்குக் கிளம்பினேன். வெயில், கரிசல் மண்ணின் சூடு, செவலையின் ஒரே சீரான நடை. கண்மாய்க் கரை ஏறியது நினைவிருக்கிறது. அப்புறம் கடற்கரை வந்தது, பனி வந்தது.

சங்கிலிமுத்து என் முழங்காலைத் தொட்டு எழுப்பினார். எங்கள் வாசல். மணி ஐந்தாகப்போகிறது. குதிரை மேலேயே தூங்கியிருக்கிறேன், அதன் பிடரியில் முகத்தை வைத்துக்கொண்டு.

"இன்னைக்கு வெடி ரொம்பப் பலம்மா. ஊரு வரைக்கும் அதிர்ந்துச்சு" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. செவலைக்குக் கேட்டிருக்கும். என்னை எழுப்பாமல் நடந்து வந்திருக்கிறது.