நோக்கோலைக் கிழங்கு என்றவர்கள்

லிந்துலை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள காளியாயிக்கு,

நீயும் மருமகள் ஊர்மிளாவும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டீர்கள். நோக்கோல் காயை உருளைக்கிழங்கு என்று சொல்லித் தின்னக் கொடுத்திருக்கிறீர்கள். போனில் கேட்கலாம்தான். நான் போனை எடுத்தால் அவள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

நம் மகள் சுதர்ஷினியும் பிறந்த பிள்ளையும் சுகம் என்று கிஷாந்த் சொன்னான். மகன் சொல்வதையும் இப்போது முழுதாக நம்ப முடியவில்லை. நீயே எழுது.

பிள்ளைப்பேறு பார்க்க நீ கொழும்புக்குப் போன மறுநாளே, சாயந்தரத் தேத்தண்ணியோடு ஒரு தட்டு வந்தது. விரல் நீளத்துக்கு நறுக்கி, மிளகாய்த்தூள் பிரட்டி, ஓரம் கருக வாட்டியது. என்ன இது என்றேன். "கெழங்குதான் மாமா. எண்ணெயில பொரிக்கல, ஓவன்ல வச்சது. பயப்படாம சாப்பிடுங்க" என்றாள். காரம் சரியாக இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று சோற்றைக் குறைத்தவர்கள் கிழங்கை மட்டும் தாராளமாகக் கொடுக்கிறார்களே என்பதுதான் உறுத்தியது.

கிழங்கு மூட்டையைப் போய்ப் பார்த்தேன். கட்டு அவிழ்க்கவே இல்லை. நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் என் நோக்கோல் பாத்திதான் அங்கங்கே வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கந்தப்பன்தான் என்று நினைத்து, பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் முன்னால் கேட்டுவிட்டேன். "ஒங்க நோக்கோலத் தின்னுதான் நான் வளந்தேனா? போங்கண்ணே" என்றான். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

நேற்று சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். மருமகள் நோக்கோலைத் தோல் சீவி நறுக்கி, உப்புப் போட்டு ஊறவைத்து, துணியில் கட்டித் தண்ணீரைப் பிழிந்தாள். பிறகு மிளகாய்த்தூள், மிளகு, ஒரு கரண்டி எண்ணெய். கிழங்கின் நிறம் வரக் கொஞ்சம் மஞ்சளும் போட்டாள். கேட்டதற்கு, "அத்தைதான் இப்படிச் செய்யச் சொல்லிட்டுப் போனாங்க" என்றாள்.

தின்றது போகட்டும். போன கிளினிக்கில் டாக்டர் என் கால் பெருவிரல் புண்ணைப் பார்த்துவிட்டு, கிஷாந்திடம் சிங்களத்தில் வெகுநேரம் பேசினார். வெளியே வந்து, "ஒண்ணுமில்லப்பா, மருந்து கட்டுனா ஆறிரும்" என்றான். அவ்வளவு பேச்சுக்கும் இவ்வளவுதானா? நோக்கோலை மறைத்தவர்கள் இதையும் மறைக்க மாட்டீர்களா? புண் ஆறவில்லை. வலியும் இல்லை. வலி இல்லாதது நல்லதா கெட்டதா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஊர்மிளா அந்தப் பலகாரத்தைச் செய்யட்டும். ஆனால் நோக்கோல் என்று சொல்லித்தான் தட்டை வைக்க வேண்டும். கந்தப்பனிடம் கிஷாந்த் போய்ப் பேச வேண்டும். நான் போக மாட்டேன். வருகிற வியாழக்கிழமை கிளினிக்கில் டாக்டர் சொல்வதை அவன் ஒரு வார்த்தை விடாமல் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சுதர்ஷினி உடம்பைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் கழிந்ததும் உன்னை அனுப்பிவைக்க வேண்டும். நீ வந்து என் காலைப் பார்க்க வேண்டும். விரலை எடுக்கத்தான் வேண்டும் என்றால், அதை நீதான் என்னிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சிவசாமி