நேராக வராத விமானம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போனை எடுக்காததால் கடிதம். "அவர் இன்னும் சரியா சாப்பிடல அண்ணி" என்று உன் மனைவிதான் செய்தி அனுப்பினாள். என்மேல் இருக்கும் கோபத்தைச் சோற்றில் காட்டாதே.

பஸ் நிலையத்து ஆட்கள் அப்பாவுக்குத் துக்கம் விசாரிக்க இன்னும் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நேற்று ஒரு கண்டக்டர், அப்பாவின் நாற்காலியைப் பார்த்ததும் சடாரென்று எழுந்து நின்றுவிட்டார். "டைம்கீப்பர் சார் முன்னாடி உட்கார்ந்து பழக்கமில்லம்மா" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நீ கடைசியாகப் போனில் அனுப்பிய மேப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உன் ஊர் விமான நிலையத்திலிருந்து நம் ஊர் விமான நிலையத்துக்கு ஒரு கோடு, கீழே பறக்க மூன்று மணி நேரம் என்று ஒரு கணக்கு. "மூணு மணி நேரம்தான் அக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முகத்தையாவது பார்த்திருப்பேன்" என்று எழுதியிருந்தாய். சின்ன வயதிலிருந்தே நீ அவசரக்குடுக்கை. டிக்கெட் இருக்கிறதா என்று தேடினாயா? அந்தக் கோட்டில் விமானமே கிடையாதடா. நீ வேலைக்குப் போனது ரயிலில். விமான நிலையங்கள் வந்த பிறகு ஒரு தடவைகூட நீ வரவில்லை, உனக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில் டாக்டர், "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றதும் நானும் அதே கோட்டைத்தான் அப்பாவிடம் காட்டினேன். "இது வெறும் தூரம்தாம்மா, போற வழி இல்ல. எங்கெங்க மாறணும்னு பாரு" என்றார். பார்த்தேன். இரண்டு இடத்தில் மாற வேண்டும், நடுவில் ஓர் இரவு காத்திருக்க வேண்டும். அதைச் சொன்னதும் என் கையிலிருந்த போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

முன்பொரு முறை, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பயணியை மைக்கில் கூப்பிட்டு, உங்கள் அம்மா போய்விட்டார் என்று அப்பாதான் சொல்ல வேண்டியிருந்ததாம். பஸ் இல்லாமல் அந்த மனிதர் விடியும்வரை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். "என் பையன் நடுவழியில சேதி கேட்கக் கூடாதும்மா. பொண்டாட்டி பக்கத்துல இருக்கறப்ப கேட்கட்டும்" என்றார். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது, அங்கே மழையா என்று விசாரித்தாரே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் பேசினார்.

இதற்கு மேல் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. மறுநாள் காலை அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. "கிளம்பிட்டானா?" என்றார். சொல்ல வேண்டாம் என்றவரே கேட்கிறார், நான் என்ன செய்வேன்? "கிளம்பிட்டான்பா, நேரா வர்ற பிளேன்ல" என்றேன். அப்படியொரு விமானம் இல்லை என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். "அப்ப மூணு மணி நேரம்தான்" என்று சொல்லிவிட்டு, கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நீயும் அவளும் நன்றாக இருக்க வேண்டும். உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது வா. வந்து வாய் வலிக்கத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அதுவரைக்கும் போனை மட்டும் எடுடா. ஒன்றும் பேச வேண்டாம், நீ அந்தப் பக்கம் இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

உன்னை விட்டால் யாருமில்லாத
அக்கா